துவக்குக்குப் பெட்டி தேடும் தம்பலகாமத்துத் தம்பிக்கு

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். தம்பலகாமத்தில் வயல். காட்டுப்பன்றிக் காவலுக்கு அப்பா வைத்திருந்த 12 போர் இரட்டைக்குழல் துவக்கு, கச்சேரிக்கு ஏறி இறங்கி, இப்போது முறைப்படி மகன் பெயருக்கு வந்திருக்கிறது. வீட்டில் மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்குப் பதினொரு வயது. துவக்கைப் பூட்டி வைக்கப் பெட்டி வேண்டும். கொழும்பிலிருந்து டிஜிற்றல் பெட்டகம் எடுப்பதா, இங்கேயே பட்டறையில் அடிப்பதா, தகடு எத்தனை மில்லிமீற்றர், நெருப்புத் தாங்குகிற வகை தேவையா?

நான் திருகோணமலை நகரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பூட்டும் இரும்பு அலுமாரியும் திருத்திப் பிழைத்தவன். திறப்பைத் தொலைத்தவர்கள், நம்பரை மறந்தவர்கள், கள்ளன் உடைத்துவிட்டுப் போன பிறகு கூப்பிட்டவர்கள் என்று எத்தனையோ பேருடைய பெட்டிகளின் உட்பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் தகட்டுத் தடிப்பில் தொடங்க எனக்கு மனமில்லை. வேறொன்று கேட்கிறேன். இரவு முழுக்க வயல் குடிலில் முழித்திருந்துவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். சட்டையெல்லாம் பனி, காலில் சேறு. மனைவி தேத்தண்ணி ஊற்றுகிறார். அந்த நேரம் துவக்கு எங்கே போகிறது?

நான் போன வீடுகளில் அனேகமாக அது அறைக் கதவுக்குப் பின்னால்தான் சாத்தி நிற்கும். பெட்டி இருக்கிற வீடுகளிலும்தான். பெட்டி பின்னறையில் இருக்கும், அதற்கு முன்னால் நெல் மூட்டை இருக்கும், திறப்பு வேறெங்கோ தொங்கும். 'குளிச்சிட்டு வந்து வைப்பம்' என்று விட்ட துவக்கு பத்து மணி வரை மூலையில் நிற்கும். பிள்ளைகள் எழும்புவதோ ஆறு மணிக்கு. எந்தத் தடிப்பில் பெட்டி வாங்கினாலும் அந்த ஐந்து மணிக்கு நீங்கள் அதைத் திறக்காவிட்டால் பிரயோசனமில்லை. ஆகவே வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையில், போகிற வழியில் இருக்கிற பெட்டி, அரை நிமிடத்துக்குள் திறந்து மூடக்கூடிய பெட்டி. என் கணக்கில் இதுதான் முதல் நிபந்தனை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சரி, அளவுக்கு வருவோம். பெட்டி தேடுகிற எல்லாரும் துவக்கை முழு நீளத்தில் நிறுத்தி வைக்கிற மாதிரித்தான் யோசிக்கிறார்கள். 28 அங்குலக் குழல் உள்ள 12 போர் துவக்கு மொத்தத்தில் ஏறத்தாழ 45 அங்குலம் வரும். அதற்கு நாலடிக்குக் குறையாத பெட்டி வேண்டும். அந்த உயரத்துக்கு வீட்டில் மறைவான இடம் கிடைப்பது கஷ்டம். நான் சொல்வது குட்டையான பெட்டி. உங்கள் துவக்கு நடுவில் மடிகிற வகை. குழலுக்குக் கீழே உள்ள முன்பிடியைக் கழற்றினால் குழல் தனியாக, பிடங்கு (தோளில் அணைக்கிற மரப்பகுதி) தனியாக வந்துவிடும், பழகிய கைக்குப் பத்து வினாடி வேலை. குழலின் நீளம் 71 சென்ரிமீற்றர். உள் உயரம் 85, அகலம் 35, ஆழம் 30 சென்ரிமீற்றர் இருந்தால் தாராளம்.

இடம் மிச்சம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குட்டைப் பெட்டிக்குள் துவக்கைக் கழற்றாமல் வைக்க முடியாது. கழற்ற வேண்டுமானால் மடித்துத் திறக்க வேண்டும், திறந்தால் உள்ளே தோட்டா கிடக்கிறதா என்று கண் தானாகவே பார்த்துவிடும். தூக்கக் கலக்கத்தில் தோட்டாவோடு உள்ளே போவது நடக்கவே நடக்காது. நாலடிப் பெட்டிக்கு இந்த நன்மை இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று மாதமாக ஒரு குழலில் தோட்டாவோடு பூட்டி வைத்திருந்தார். எண்ணெய் போட எடுத்தபோதுதான் கண்டார். முகம் வெளுத்துப்போய் என்னிடம் வந்து சொன்னார்.

இனித் தடிப்பு. கடைக்காரர் 'கேஜ்' என்று சொன்னால், எண் கூடக் கூடத் தகடு மெல்லியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 12 கேஜ் என்றால் சுமார் 2.7 மில்லிமீற்றர், 14 கேஜ் 2 மில்லிமீற்றருக்குக் கிட்ட. வீட்டில் உடுப்பு வைக்கிற இரும்பு அலுமாரி ஒரு மில்லிமீற்றரும் வராது. அதன் லொக்கரைப் பெரிய ஸ்குரூ டிரைவரால் நான் திறந்திருக்கிறேன், உரிமையாளர் பக்கத்தில் நிற்க. பிரித்தானியாவில் துவக்கு அலுமாரிக்கென்றே பி.எஸ். 7558 என்று ஒரு தரம் உண்டு, அது கேட்பது 2 மில்லிமீற்றர். ஜேர்மனி 2017க்குப் பிறகு இதைவிடக் கடுமையாக்கி, புதிதாக வாங்கும் துவக்குப் பெட்டி ஈ.என். 1143-1 என்ற ஐரோப்பியப் பெட்டகத் தரத்தில் குறைந்தது பூச்சிய நிலையாவது இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. அமெரிக்கப் பெட்டகங்களில் யூ.எல். என்ற தரச் சோதனை நிறுவனத்தின் வீட்டுப் பாதுகாப்புப் பெட்டி என்ற முத்திரையைக் காணலாம். அதன் முதல் நிலைக்கு அர்த்தம், ஒரு ஆள் கைக்கருவிகளோடு முயன்றால் ஐந்து நிமிடம் தாங்கும் என்பதே. ஐந்து நிமிடம்! பளபளவென்று விளம்பரம் செய்கிற பெட்டகங்களில் பலவற்றின் கதை இவ்வளவுதான்.

பட்டறையில் அடிப்பதென்றால் 4 மில்லிமீற்றர் தகடு சொல்லுங்கள். நான் மேலே தந்த அளவுக்கு நிறை நாற்பது கிலோவைச் சற்றுத் தாண்டும். 3 மில்லிமீற்றர் என்றால் முப்பத்தொன்று. அதாவது, இரண்டுமே ஒரு சீமெந்து மூட்டையை விடப் பாரம் குறைவு. சீமெந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிற ஊரில் இந்தப் பெட்டியை ஒருவன் வயல் வரம்பால் தூக்கிக்கொண்டு போக எவ்வளவு நேரம்? நம் பக்கத்துக் கள்ளன் பெட்டியை வீட்டிலேயே உடைத்துக்கொண்டு இருக்கமாட்டான், எடுத்துக்கொண்டு போய்க் காட்டில் வைத்து ஆறுதலாக உடைப்பான். கிரைண்டர் கையில் இருந்தால் 4 மில்லிமீற்றர் என்ன, எதையும் அறுத்துவிடலாம். வீட்டுக்குள் வைத்து அறுத்தால் ஊரே எழும்பும், அதுதான் பாதுகாப்பு. எனவே தடிப்பை 6 ஆக்கக் காசு செலவழிக்காமல் அதே காசைப் பெட்டியை நிலத்தோடு பிணைப்பதில் போடுங்கள்.

பிணைப்பதில்தான் நம் வீடுகளில் பிழை விடுகிறார்கள். சீமெந்துக் கல் சுவரில் றோல் பிளக் அடித்து நாலு ஸ்குரூ போட்டுவிட்டு 'ஃபிக்ஸ் பண்ணியாச்சு' என்பார்கள். உள்ளே பொள்ளல் உள்ள கல் என்றால் அலவாங்கால் ஒரு நெம்பு, சுவரின் தோலோடு கழன்று வந்துவிடும். நிலமும் அப்படித்தான், பல வீடுகளில் மேலே வழுவழுப்பான சீமெந்துப் பூச்சு, கீழே இரண்டு மூன்று அங்குலக் கொங்கிறீற், அதற்குக் கீழே மணல். 12 மில்லிமீற்றர் விரிவுப் போல்ட் பிடித்து நிற்க நாலு அங்குலமாவது நல்ல கொங்கிறீற் வேண்டும். அதனால் பெட்டி வருகிற இடத்தில் நிலத்தை உடைத்து, கம்பி வைத்து, ஓரடி ஆழத்துக்குக் கொங்கிறீற் போட்டு, அதே வார்ப்பை நிலத்துக்கு மேலே ஒரு திண்ணை மாதிரி ஒன்றரை அடி உயர்த்தி விடுங்கள். போல்ட் நாலும் பெட்டிக்கு உள்ளேயிருந்து இறங்க வேண்டும், கதவு பூட்டியிருந்தால் ஒருவரும் கழற்ற முடியாதபடி.

திண்ணை ஏன் என்று தம்பலகாமத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த கதையை உங்கள் அப்பா சொல்லியிருப்பார். அந்த அளவு வேண்டாம், சாதாரண மாரியில் முற்றத்துத் தண்ணீர் வாசல்படி தாண்டுகிற வீடுகள் உங்கள் பக்கத்தில் எத்தனை. முழங்கால் உயரத்தில் பெட்டி இருந்தால் அந்தத் தண்ணீரும் வராது, குனியாமல் திறக்கவும் லேசு.

பூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். டிஜிற்றல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மலிவு டிஜிற்றல் வேண்டவே வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கடையில் சின்னப் பெட்டகமொன்றை என்னிடம் காட்டி, 'ஐயா, இது வெளிநாட்டுச் சாமான், ஒருத்தராலும் திறக்க ஏலாது' என்றான் பொடியன். நம்பர் போட்டுப் பூட்டச் சொன்னேன். பூட்டினான். இடது கையால் கைபிடியைத் திருப்புகிற பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையை முட்டியாக்கிப் பெட்டியின் மண்டையில் ஒரு குத்து, சரிவரவில்லை. இரண்டாவது குத்துக்குக் கதவு திறந்துகொண்டது. பொடியனின் முகத்தைப் பார்க்கப் பாவமாயிருந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த வகையில் கைபிடியைத் தடுத்து நிற்பது ஸ்பிரிங்கில் தாங்கிய ஒரு சிறு ஊசி. சரியான நம்பரை அடித்தால் மின்சாரம் பாய்ந்து காந்தம் அதை இழுக்கும், கைபிடி சுற்றும். குத்துகிற அதிர்ச்சியிலும் அது ஒரு கணம் துள்ளி விலகும், அந்தக் கணம் போதும். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கைபேசியில் இந்த வித்தையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசியுங்கள். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையிலேயே பூட்டி, கடைக்காரர் முன்னாலேயே குத்திப் பாருங்கள். விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்னுமொன்று. அந்த மலிவுப் பெட்டகங்களில் நம்பர்ப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைக் கிளப்பினால் அவசரத் திறப்புக்கான துவாரம். முன்வாசலை எவ்வளவு பலமாகச் செய்தாலும் பின்கதவு கொக்கித் தாழ்ப்பாள் என்றால் வீடு எந்தக் கணக்கு? பெட்டகம் அந்தச் சின்னப் பூட்டின் பலம்தான்.

விரல் அடையாளத்தில் திறப்பது இப்போது நாகரிகம். வயல் வேலை செய்கிற கைக்கு அது பொருந்தாது. ரேகை தேய்ந்திருக்கும், ஈரமாக இருக்கும், சேறு இருக்கும். அது போகட்டும். 2023 ஒக்டோபரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 61,000 விரலடையாளத் துவக்குப் பெட்டகங்களைத் திரும்பப் பெற்றார்கள். ரேகையைப் பதிந்துவிட்டோம் என்று உரிமையாளர் நினைத்திருக்க, பெட்டகம் யார் விரல் வைத்தாலும் திறந்துகொண்டிருந்திருக்கிறது. 12 வயதுப் பையன் ஒருவன் இறந்த சம்பவம் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. உங்கள் மூத்தவனை விட ஒரு வயதுதான் கூட.

ஆக என் தெரிவு திறப்புப் பூட்டு. வெளியே கொக்கி வைத்துத் தொங்கல் பூட்டுப் போடுவதல்ல. அலவாங்கின் முதல் இரை அது. பெட்டகங்களுக்கென்றே வருகிற லீவர் பூட்டு, இரண்டு பக்கமும் பல் வெட்டிய நீளத் திறப்போடு, கொழும்பில் இரும்புச் சாமான் கடைகளில் கேட்டால் எடுக்கலாம். உப்புக் காற்றுக்கு அது ஈடுகொடுக்கும், பெற்றரி தேவையில்லை. நல்ல டிஜிற்றல் பூட்டுத்தான் விருப்பம் என்றால் பெற்றரிக் கவ்விகளில் பச்சை பிடிக்கிறதா என்று தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்கிற அன்று திறந்து பார்த்துப் புதுப் பெற்றரி போட்டுவிடுங்கள். நம்பரில் பிறந்த திகதியும் மோட்டார் சைக்கிள் இலக்கமும் வேண்டாம், வீட்டில் முதலில் முயல்வது அவைகளைத்தான்.

திறப்புக்கு ஒரு இடம் வேண்டுமே. இதில் நானே வெட்கப்பட்டிருக்கிறேன். என் மாமனாருடைய துவக்கு கொஞ்சக் காலம் என் பொறுப்பில் இருந்தது. திறப்பைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஆணியில் கொழுவியிருந்தேன், என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில். ஒருநாள் மகளின் பையன், ஆறு வயது, முற்றத்தில் இருந்த என்னிடம் வந்து, 'அம்மப்பா, இது எதுட திறப்பு?' என்று நீட்டினான். பந்து அலுமாரிக்கு மேலே போய்விட்டதாம், கதிரை வைத்து ஏறியிருக்கிறான். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது உண்மை. சுவாமிப் படம், அரிசிப் பானை, அலுமாரி மண்டை, தலையணை உறை, நாம் ஒளிக்கிற இடமெல்லாம் பிள்ளைகள் விளையாடுகிற இடம். அதற்குப் பிறகு திறப்பு என் அரைஞாணை விட்டு இறங்கவில்லை. மற்றத் திறப்பு வீட்டிலேயே இருக்கக்கூடாது. நம்பிக்கையான சகோதரர் வீட்டில், உறையில் ஒட்டி, எதனுடையது என்று எழுதாமல்.

பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டியது கதவைப் பற்றித்தான். கதவு சட்டத்துக்குள்ளே அமிழ்ந்து நிற்க வேண்டும், மேலே மூடி மாதிரி அல்ல. இடைவெளி இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் போனால் அலவாங்கின் நுனி நுழையும். பிணைச்சல் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, அதை அறுத்தாலும் கதவு விழாதபடி பிணைச்சல் பக்கத்தில் உள்ளே ஒரு தடித்த இரும்புப் பட்டை ஒட்டுங்கள், மூடும்போது அது சட்டத்துக்குப் பின்னால் போய் மாட்டும். வைக்கும்போது பூட்டுப் பக்கம் அறை மூலைச் சுவரோடு அணைந்து வரட்டும். நெம்புகிறவனுக்கு அலவாங்கை ஆட்ட இடமிருக்காது. 'காணி உறுதி வைக்கிற பெட்டி' என்று சொல்லிச் செய்வியுங்கள். பட்டறையில் நிற்கிற நாலு பேருக்கும் துவக்கு என்று தெரிய வேண்டியதில்லை.

நெருப்புத் தாங்கும் பெட்டகம் வேண்டாம் என்பது என் கருத்து, காரணத்தோடு சொல்கிறேன். அந்தப் பெட்டகங்களில் பலவற்றில் தகட்டுக்கு உட்புறம் இருப்பது ஜிப்சம் பலகை, கூரைத் தட்டுக்குப் போடுகிற அதே சாமான். ஜிப்சத்தின் நிறையில் ஐந்திலொரு பங்கு அதற்குள்ளேயே கட்டுண்ட தண்ணீர். நெருப்பில் அது ஆவியாகி வெளியே வந்து உள்ளே சூடு ஏறாமல் பிடிக்கும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் நம் கரையோரக் காற்றில் அந்தப் பலகையும் அதன் மேல் ஒட்டிய கம்பளித் துணியும் ஈரத்தைக் குடித்துக்கொண்டு, காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் துவக்கோடு குடியிருக்கும். பலகைத் தடிப்பைக் காட்டி இரும்பை மெல்லியதாக்கிவிடுவதும் உண்டு. சீமெந்துச் சுவரும் ஓட்டுக் கூரையுமான உங்கள் வீட்டில் நெருப்பை விடக் கறள்தான் கிட்டத்து எதிரி.

கறளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றின் ஈரப்பதம் அறுபது வீதத்தைத் தாண்டினால் இரும்பில் கறள் வேகமாக ஏறத் தொடங்கும். மேலே உப்பு படிந்திருந்தால் அதற்கு முன்பே. நமக்கு மாரியில் எண்பதுக்கு மேல் நாட்கணக்கில் நிற்கும். தம்பலகாமக் குடாவிலிருந்து அடிக்கிற காற்றுக்கு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பாருங்கள், அதுதான் குழலுக்கும். பெட்டிக்குள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்திருப்பதே நோக்கம். அதைவிட வரட்டினால் பிடங்கு மரம் வெடிக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் கதவு நிலைகள் சுருங்கிப் பிளக்கிற மாதிரி. கைக்கடிகாரம் அளவிலான ஈரமானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று உள்ளே ஒட்டிவிடுங்கள்.

வெளிநாட்டில் பெட்டிக்கு அடியில் மின்சாரத்தில் மெல்லச் சூடாகிற தண்டு வைப்பார்கள். அது ஈரத்தை அகற்றுவதில்லை, உள்ளே காற்றைச் சற்றுச் சூடாக்கி ஈரம் படியாமல் பார்க்கிறது. கரண்ட் போகிற இரவுகளை யோசித்தால் நமக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள்தான் வசதி. இந்தப் பெட்டிக்கு அரைக் கிலோ போதும், துணிப் பையில் கட்டி வையுங்கள். நிறம் மாறுகிற வகையில் நீலம் வேண்டாம், அதில் உள்ள கோபால்ற் உப்பு நஞ்சு. செம்மஞ்சள் வகை கேளுங்கள். நிறம் மாறியதும் 120 பாகைச் சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓவனில் வைத்தால் மறுபடி வேலை செய்யும். வெயிலில் காயவைத்தால் போதாது. சமையல் தட்டைப் பாவிக்காதீர்கள், மனைவியின் ஏச்சு ஒருபுறம், சாப்பாட்டுக்கும் கூடாது.

நனைந்த துவக்கை நேரே உள்ளே வைத்துப் பூட்டினால் அரைக் கிலோ அல்ல, அஞ்சு கிலோ ஜெல்லும் காப்பாற்றாது. பெட்டிக்கு மேலே ஒரு பழைய பனியன் துண்டும் சின்ன எண்ணெய்ப் போத்தலும் எப்போதும் இருக்கட்டும். கழற்றுகிற கையோடு குழலின் வெளிப்பக்கத்தை ஒரு துடைப்பு, எண்ணெய்த் துணியால் இன்னொரு தடவல். தேங்காயெண்ணெய் வேண்டாம், காறிப் பிசுபிசுக்கும். டபிள்யூ.டி-40 நனைந்த இரும்பிலிருந்து தண்ணீரை விரட்ட நல்லது, மாதக்கணக்கில் காவலுக்கு நிற்காது. துவக்கு எண்ணெயே வாங்குங்கள். அப்பாவின் தோல் உறை இருந்தால் அதை ஞாபகத்துக்குச் சுவரில் மாட்டலாம், துவக்கை அதற்குள் வைத்துப் பூட்டக்கூடாது. தோலும் கன்வசும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். குழலை வாய் கீழே பார்க்க நிறுத்துங்கள்.

தோட்டா இதே பெட்டிக்குள் வேண்டாம். றப்பர் விளிம்புள்ள சின்னத் தகரப் பெட்டி, வேறு அறை, வேறு பூட்டு. ஒன்றைத் திறந்தவனுக்கு மற்றது கிடைக்கக்கூடாது.

யானைக்கு இந்தத் துவக்கை எடுக்க வேண்டாம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, யானை வெடி இருக்கிறது. லைசன் பற்றி ஒன்று மட்டும். நம் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916இல் வந்தது, தண்டனைகள் 1996இல் கூட்டப்பட்டன, லைசன் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியது. துவக்கின் இலக்கத்தையும் லைசனையும் படம் எடுத்து, பெட்டிக்கு வெளியே வேறிடத்தில் வைத்திருங்கள். களவு போனால் அந்த இலக்கத்தோடு அன்றைக்கே பொலிசுக்குப் போக வேண்டும். பெட்டிக்குள்ளேயே பத்திரத்தை வைத்துவிட்டுப் பெட்டியோடு பறிகொடுத்தவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இலக்கம் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

பட்டறையில் காசு கட்டுமுன் ஒரு வேலை செய்யுங்கள். குழலை அளந்து, அதே அளவில் கார்ட்போர்ட் பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி, நினைத்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வையுங்கள். ஒரு கிழமைக்கு வயலால் வந்ததும் துவக்கைக் கழற்றி, அதற்கு முன்னால் நின்று துடைத்து வைத்துப் பாருங்கள், பிறகு கையோடு இப்போது பூட்டி வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நாளாவது 'பிறகு பார்ப்பம்' என்று தாண்டிப் போனீர்கள் என்றால் இடம் பிழை, பெட்டியை வாசல் பக்கம் இன்னும் கிட்ட நகர்த்துங்கள். அதற்குப் பிறகு கொங்கிறீற் போடலாம்.